லேபில் ஒன்பது வருடம், இப்போது மிஷின் கம்பெனி கூப்பிடுகிறது. போகலாமா?

ஊதாமூடி | மதுரை | ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போவதோடு சரி. இதுதான் முதல் இழை, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகப் படிப்பு) முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு இடம் மாறி, இப்போது இருக்கும் தனியார் மருத்துவமனையில் ஐந்தாவது வருடம். ஹெமட்டாலஜி பெஞ்ச், அதாவது ரத்த அணுக்களைப் பார்க்கும் பிரிவு. சேர்ந்தபோது 13,000, இன்று கையில் 19,500. மாதத்தில் எட்டு நைட். நைட்டில் ஹெமட்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, யூரின் எல்லாம் ஒரே ஆள்தான். கேஷுவாலிட்டியில் ரத்தம் எடுக்கவும் அதே ஆள்தான்.

சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். போன டெங்கு சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைகள் வார்டிலிருந்து ஏழு வயதுப் பையனின் சாம்பிள். மிஷினில் பிளேட்லெட் 22,000. காய்ச்சல் இரண்டாம் நாள்தான், முந்தின நாள் வெளியில் எடுத்ததில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது. மற்ற எண்ணிக்கை எதுவும் பெரிதாக மாறவில்லை. எனக்கு இடித்தது. டியூப்பில் குச்சி விட்டுப் பார்த்தேன், கிளாட் (உறைந்த கட்டி) இல்லை. ஒரு சொட்டை ஸ்லைடில் மெல்லிய ஸ்மியராகத் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஊற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஸ்லைடின் வால் பக்கம் முழுக்க பிளேட்லெட் திராட்சைக் குலை மாதிரி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க டியூப்பில் போடும் ஈ.டி.டி.ஏ.வில் சிலருடைய ரத்தம் அப்படித்தான் செய்யும். மிஷின் ஒவ்வொரு குலையையும் தாண்டிப் போய்விட்டு, தனியாகத் திரிவதை மட்டும் எண்ணிக் காட்டும். நானே வார்டுக்குப் போய் நீல மூடி சிட்ரேட் டியூப்பில் மறுபடி எடுத்து வந்து ஓட்டி, சிட்ரேட் திரவம் ரத்தத்தை நீர்க்க வைப்பதால் 1.1-ஆல் பெருக்கினேன். 1,64,000.

அதற்குள் எங்கள் ஆள் ஒருவர் போனில் 22,000 என்று வாய்விட்டுவிட்டார். வார்டில் பிளேட்லெட்டுக்குச் சீட்டு எழுதி, பையனின் அப்பாவை டோனர் தேட அனுப்பிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னதும் டாக்டர் சொன்னது ஒரே வரி: "மிஷினை முதலில் சர்வீஸ் பண்ணச் சொல்லுங்க."

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. அந்த ரிப்போர்ட் 50 நிமிடம் தாமதமாம்.

இப்போது ஒரு செல் கவுன்டர் (ரத்த அணுக்களை எண்ணும் மிஷின்) கம்பெனியில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். 32,000, பயணப்படி தனி. மிஷின் விற்ற இடத்துக்குப் போய் அங்கிருக்கும் டெக்னீஷியனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வீட்டில் போகச் சொல்கிறார்கள். எனக்குத்தான் மைக்ரோஸ்கோப்பை விட்டுப் போக மனம் வரவில்லை. போனவர்கள், போகாதவர்கள் இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

ராத்திரி_டியூட்டி | சேலம் | ஞாயிறு, இரவு 11.58

போய்விடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? (நானும் இப்போது நைட்டில்தான் இருக்கிறேன். மிஷின் சரியா என்று பார்க்கும் கன்ட்ரோல் சாம்பிள் ஓடிக்கொண்டிருக்கிறது.)

குறியீட்டுக்காரி | சென்னை | திங்கள், காலை 7.15

நான் போனவள். ஆறு வருடம் பயோகெமிஸ்ட்ரி பார்த்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு வந்துவிட்டேன். பயிற்சி எடுத்து, கோடிங்குக்கான சி.பி.சி. தேர்வு எழுதி, நான்கே வருடத்தில் லேபில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. சனி, ஞாயிறு லீவு. தீபாவளி அன்று வீட்டில் இருந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

என் பிரிவில் பாதிப்பேர் நம்ம ஆட்கள்தான். எம்.எல்.டி., பிசியோ, நர்சிங் எல்லாம் படித்துவிட்டு அமெரிக்க நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படித்து எண் போடுகிறோம். பொட்டாசியம் 7.2 என்று பார்த்தால் இன்னும் கை தானாக "ஹீமோலைஸ் ஆகியிருக்கிறதா?" (டியூப்பில் அணு உடைந்து எண் பொய்யாக ஏறியிருக்கிறதா) என்று தேடும். தேட டியூப் இல்லை. அது ஒரு மாதிரி இருக்கும். ஆனால் மாதக் கடைசியில் அந்த மாதிரி இருக்காது.

பொள்ளாச்சி_லேப் | திங்கள், காலை 10.02

லேப் வைத்திருப்பவன் தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டுமே, அதனால் வருகிறேன். திட்டுவதை முடித்துவிட்டுப் படியுங்கள்.

எங்களுடையது ஏழு பேர் லேப். டி.எம்.எல்.டி. (லேப் டிப்ளமா) முடித்து வருகிற பெண்ணுக்கு 11,000-தான் தர முடிகிறது. ஒரு வருடம் சொல்லிக்கொடுத்து, குழந்தைக்கு ஒரே குத்தில் நரம்பு பிடிக்கிற அளவுக்குக் கை வந்ததும் கோயம்புத்தூரில் பெரிய லேப் ஒன்று 15,000 என்று கூட்டிக்கொண்டு போய்விடும். மூன்று வருடத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். நான் என்ன டெக்னீஷியன் தயாரிக்கும் கம்பெனியா?

ஏன் அதிகம் தர முடியவில்லை என்று கேட்பீர்கள். தெருமுனையில் பெரிய செயின் லேபின் கலெக்ஷன் சென்டர் வந்துவிட்டது. அங்கே ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சென்ட்ரிஃப்யூஜ், ரத்தம் எடுக்க ஒரு பிளபாட்டமிஸ்ட். சாம்பிள் ராத்திரி வண்டியில் ஏறிப் போய்விடும். முழு உடல் பரிசோதனை என்று அவர்கள் வைக்கும் விலைக்கு எனக்கு ரீஏஜென்ட் கூட வராது. அதற்கு மேல் சீட்டு எழுதும் இடத்தில் பங்கு கேட்பவர்கள். மருத்துவர் நடத்தை விதிகள் 2002-லேயே கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று இருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது, கவர் மேசையில் இருக்கிறது. அந்தக் கவருக்குள் போவது என் டெக்னீஷியனின் இன்கிரிமென்ட்தான் என்று எனக்கும் தெரியும்.

ராத்திரி_டியூட்டி | சேலம் | திங்கள், காலை 10.20

பொள்ளாச்சி அண்ணா, பேச்சு உண்மையாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்கள் லேபில் பி.எஃப். பிடிக்கிறீர்களா? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைக்கிறீர்களா?

பொள்ளாச்சி_லேப் | திங்கள், காலை 10.41

பி.எஃப். இல்லை, ஏழு பேர்தான். சர்டிபிகேட் முன்பு வாங்கி வைத்தேன். ஒரு பெண்ணின் அப்பா வந்து கடையில் நின்று சத்தம் போட்ட பிறகு விட்டுவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை.

ரியாத்_ரோஸ்டர் | சவுதி | திங்கள், பகல் 1.30

சர்டிபிகேட் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். இங்கே வர நினைக்கும் தம்பி, தங்கைகள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வளைகுடா வேலைக்கு புரோமெட்ரிக் என்ற உரிமத் தேர்வுதான் பெரிய மலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது மூன்று மாதம் உட்கார்ந்தால் தாண்டிவிடலாம். நிஜ மலை டேட்டாஃப்ளோ என்ற சான்று சரிபார்ப்பு. உங்கள் பட்டம் நிஜமா என்று பல்கலைக்கழகத்தையும், வேலை பார்த்தது நிஜமா என்று பழைய முதலாளியையும் அவர்கள் நேரடியாகவே கேட்பார்கள். நீங்கள் நீட்டும் ஜெராக்ஸுக்கு அங்கே மரியாதை கிடையாது.

நான் முதலில் வேலை பார்த்த லேபில் சம்பளம் கையில் ரொக்கம், ரிஜிஸ்டரில் பெயர் இல்லை. மூன்று வருட அனுபவம். மெயில் போனபோது அந்த லேப் கைமாறி, புதிய முதலாளி "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று பதில் போட்டுவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. அந்த மூன்று வருடம் காற்றோடு போயிற்று. வேறு இடத்தில் மறுபடி இரண்டு வருடம் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

ஊதாமூடி, நீங்கள் எங்கே போனாலும் சரி, போகும் முன் அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் மூன்றும் ஆஃபர் லெட்டரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒரு இடத்தில் "டெக்னீஷியன்", இன்னொரு இடத்தில் "டெக்னாலஜிஸ்ட்" என்று இருந்து ஆறு மாதம் தொங்கியவரை எனக்குத் தெரியும்.

இங்கே திருப்தியா என்று கேட்டால், பணத்தில் திருப்தி. பொட்டாசியம் 7 என்று போனில் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் எண்ணைத் திருப்பிப் படித்து, தன் பெயரைச் சொல்லி, என் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். எழுதாவிட்டால் அவருக்குத்தான் மெமோ. முதல் முறை என் பெயரைக் கேட்டபோது, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் பயந்தேன்.

பழைய_பிப்பெட் | திருச்சி | திங்கள், மாலை 6.10

34 வருடம் அரசு லேபில் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் சேர்ந்தபோது சீரத்தை வாயால் பிப்பெட்டில் உறிஞ்சினோம். ஹீமோகுளோபினுக்கு சாலி குழாய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். வெள்ளணுவை நியூபார் சேம்பரில் நான்கு மூலையிலும் கண்ணால் எண்ணுவோம். நடுவில் யாராவது "அண்ணே, டீ" என்று கூப்பிட்டால் எண்ணிக்கை போச்சு, முதலிலிருந்து எண்ண வேண்டும். அப்படியும் யாரும் வேலையை விட்டு ஓடவில்லை. இப்போது பட்டனை அமுக்கினால் 20 எண் வருகிறது, மனத்திருப்தி இல்லை என்கிறீர்கள்.

தொகுப்பூதியம்_2019 | விழுப்புரம் பக்கம் | திங்கள், மாலை 6.48

ஐயா, வாயால் உறிஞ்சினீர்கள், வணங்குகிறேன். மாதா மாதம் ஓய்வூதியமும் வருகிறதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது, சம்பளத்தில் பங்கு பிடிக்கும் சி.பி.எஸ். திட்டத்தில்தான் சேர்த்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவுமில்லை.

பெயரைப் பார்த்தாலே கதை புரியும். 2019-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் லேப் டெக்னீஷியன் கிரேடு 3-க்கு 1,508 இடம் என்று அறிவித்தபோது எங்கள் தெருவில் மூன்று வீட்டில் விண்ணப்பம் போட்டோம். அரசு வேலை என்று ஊரே வாழ்த்தியது. உள்ளே போன பிறகுதான் தொகுப்பூதியம் என்றால் நிரந்தரம் இல்லாத மொத்தச் சம்பளம் என்று வீட்டுக்குப் புரிந்தது. "எப்போது நிரந்தரம்?" என்று மாமனார் பொங்கலுக்குப் பொங்கல் கேட்கிறார். ஒரே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் அதே ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் பஞ்சாப் வழக்கில் சொன்னதை எங்கள் வாட்ஸாப் குழுவில் வாரம் ஒருவர் போடுவார். இன்னொருவர் கைகூப்பும் படம் போடுவார். அதோடு முடிந்தது.

வேலை மட்டும் குறைவில்லை. பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) நான் ஒருவன்தான். கர்ப்பிணித் தாய்மார்கள் வரும் நாளில் காலை ஒன்பதுக்குள் 60 பேர் வரிசை. ஹீமோகுளோபின், ரத்த வகை, எச்.ஐ.வி., சர்க்கரை, யூரின். நடுவில் காய்ச்சல்காரர்களுக்கு மலேரியா ஸ்லைடு, ஜே.எஸ்.பி. சாயம். மதியத்துக்கு மேல் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. மூடியைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வீட்டில் ஊறுகாய் ஜாடி திறக்கும்போதும் வந்துவிட்டது.

அப்படியும் விட்டுப் போகவில்லை. ஏன் என்று யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. இங்கே ஊர்க்காரர்களுக்கு என்னைத் தெரியும். சளியில் கிருமி கண்டுபிடித்து ஆறு மாதம் மாத்திரை முடித்த ஒரு கொத்தனார், பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் டீக்கு என்னைக் காசு கொடுக்க விடமாட்டார். ஊதாமூடி அக்கா சொன்ன அந்த டெங்குப் பையனும் அவன் அப்பாவும் நாளை எதிரே வந்தால் அவர்களுக்கு அக்காவை அடையாளம் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய_பிப்பெட் | திருச்சி | திங்கள், இரவு 8.30

தம்பி சொன்னது சரி. ஓய்வூதியத்தை மறந்துவிட்டுப் பேசிவிட்டேன்.

முதலாண்டு | தஞ்சாவூர் | திங்கள், இரவு 9.05

நான் பி.எஸ்சி. எம்.எல்.டி. முதல் வருடம். இந்த இழையைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. டி.சி. வாங்கிவிடலாமா?

ராத்திரி_டியூட்டி | சேலம் | திங்கள், இரவு 9.07

தூக்கம் வராமல் இருக்கப் பழகுவது நல்லதுதான். நைட் டியூட்டிக்கு உதவும்.

குறியீட்டுக்காரி | சென்னை | திங்கள், இரவு 9.30

தம்பியைப் பயமுறுத்தாதீர்கள். முதலாண்டு, படியுங்கள். ஆனால் இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்திருக்க வேண்டும். இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் பயந்துகொண்டு மறைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லி எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், 72 மணி தாண்டினால் பயனில்லை. எனக்கு முதல் வருடத்திலேயே குத்தியது. "வெளியில் சொல்லாதே" என்றுதான் சீனியர் சொன்னார். அந்த இடத்தை விட்டு வர நான் முடிவு செய்தது அன்றுதான், வெளியே வர ஆறாவது வருடம் ஆயிற்று.

கையெழுத்து_டாக்டர் | செவ்வாய், காலை 6.20

நான் பேத்தாலஜிஸ்ட், லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கையெழுத்திடும் மருத்துவர். இங்கே எழுதினால் அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், லேப் ரிப்போர்ட்டில் பதிவு பெற்ற, பேத்தாலஜி மேற்படிப்பு முடித்த மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று சொன்ன பிறகு எங்களுக்கு ஏகப்பட்ட அழைப்பு. "டாக்டர், வர வேண்டாம், கையெழுத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் போதும்." கொடுத்தவர்களும் உண்டு. அந்தத் தாளில் தன் பெயரே இல்லாமல், வேலை முழுவதையும் செய்த டெக்னீஷியனுக்கு எப்படி இருக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை. என் இடத்தில் இருந்துகொண்டு நான் யோசிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அதுதான் விஷயம்.

எங்கள் லேபில் ஒரு பெண் இருந்தார். ரத்தப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் பிளாஸ்ட் செல் ஒன்றைக்கூடத் தவறவிடமாட்டார். ராஜினாமா கொடுத்த அன்று காரணம் கேட்டேன். "நான் உங்களுக்கு எத்தனையோ ஸ்லைடு தனியாக எடுத்து வைத்தேன் டாக்டர், கடைசியில் அது என்னவாக இருந்தது என்று ஒரு தடவைகூட நீங்கள் சொல்லவில்லை" என்றார். எனக்குப் பதில் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம், அந்த வாரத்துச் சந்தேக ஸ்லைடுகளை டெக்னீஷியன்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன். எலும்பு மஜ்ஜை என்ன சொன்னது, நோயாளி எப்படி இருக்கிறார், எல்லாம். ரிப்போர்ட்டின் அடியில் பரிசோதித்தவரின் பெயர்ச் சுருக்கத்தையும் போடச் சொல்லிவிட்டேன். செலவு ஒன்றுமில்லை. அவர் திரும்பி வரவில்லை.

ஊதாமூடி | மதுரை | செவ்வாய், காலை 6.45

டாக்டர், எங்கள் டாக்டருக்கு இதைக் காட்ட முடியாது, இருந்தாலும் நன்றி.

பொள்ளாச்சி_லேப் | செவ்வாய், காலை 9.15

சனிக்கிழமைக் கூட்டம் நல்ல யோசனைதான் டாக்டர். ஆனால் எங்களுக்குப் பேத்தாலஜிஸ்ட் வருவதே வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வயிறு நிறைந்தவருக்குத்தான் ஸ்லைடு பேச்சு இனிக்கும். 11,000 வாங்கும் பெண்ணுக்கு நான் மஜ்ஜையைப் பற்றிச் சொன்னால், "சார், பஸ் பாஸ் காசு?" என்று கேட்பாள்.

ரியாத்_ரோஸ்டர் | சவுதி | செவ்வாய், பகல் 12.10

சரி, பஸ் பாஸ் காசு கொடுங்கள் அண்ணா. அப்புறம் மஜ்ஜை.

தொகுப்பூதியம்_2019 | விழுப்புரம் பக்கம் | செவ்வாய், இரவு 7.40

2021-ல் வந்த அலைட் ஹெல்த் (மருத்துவத் துணைப் பணிகள்) கமிஷன் சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மருத்துவ ஆய்வகப் பணியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நர்ஸ்களுக்குக் கவுன்சில் இருப்பது போல நமக்கும் பதிவேடு, பதிவு எண் என்று வர வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். ஆறு மாதப் படிப்பு, கடிதவழிப் படிப்பு என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் நாமும் ஒரே சம்பளத்துக்குப் போட்டி போடும் வரை பொள்ளாச்சி அண்ணா 11,000-க்கு மேல் ஏற மாட்டார். அவர் மேல் கோபமில்லை, கிடைக்கிற விலைக்கு வாங்குகிறார்.

பொள்ளாச்சி_லேப் | செவ்வாய், இரவு 8.02

காய்கறி போலச் சொல்லிவிட்டீர்கள்.

ஊதாமூடி | மதுரை | வியாழன், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. எச்.ஆர்.ருக்குப் போய் இரண்டு கேட்டேன். நைட்டுக்கு இன்னொரு ஆள், அந்த மெமோவைத் திரும்பப் பெறுவது. ஆள் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாமாம். மெமோ சிஸ்டத்தில் ஏறிவிட்டதால் எடுக்க முடியாதாம். "இதையெல்லாம் மனசில் வச்சுக்காதீங்க மேடம்" என்றார். ராஜினாமா கொடுத்துவிட்டேன். சான்றிதழில் தேதி, பதவிப் பெயர் எல்லாம் ரியாத் அண்ணா சொன்னபடி மூன்று தடவை சரிபார்த்தேன், "ஹெமட்டாலஜி" எழுத்துப்பிழையாக இருந்தது, திருத்தி வாங்கினேன்.

ஊதாமூடி | மதுரை | நான்கு மாதம் கழித்து

இழையைத் தட்டி எழுப்புவதற்கு மன்னிக்கவும். கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆயிற்று. கால் வலி போய் முதுகு வலி வந்திருக்கிறது, எல்லாம் பஸ். பணம் வருகிறது. மைக்ரோஸ்கோப் நினைவு வருகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் கொங்கு பக்கம் ஒரு சின்ன லேபில் ஃபைவ் பார்ட் மிஷின் (வெள்ளணுவை ஐந்து வகையாகப் பிரித்து எண்ணுவது) வைத்தோம். அங்கே இருந்த பெண்ணுக்கு 22 வயது இருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். காலையில் கன்ட்ரோல் மூன்று அளவிலும் போடு, கோட்டைத் தாண்டினால் நோயாளி சாம்பிள் ஓட்டாதே, பிளேட்லெட் குறைந்து மிஷின் எச்சரிக்கைக் கொடி காட்டினால் நம்பாதே, ஸ்மியர் போட்டு வால் பக்கம் பார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், கெட்டிக்காரி. கடைசி நாள் மாலை பெட்டியைக் கட்டும்போது, கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உங்க கம்பெனியில வேகன்சி இருக்கா?"

நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொள்ளாச்சி_லேப் | அன்றே, இரவு 9.50

ஊதாமூடி, அது எந்த ஊர் என்று சொல்ல முடியுமா? போன வாரம்தான் எங்களுக்கும் புது மிஷின் வந்தது.